சக்கரத்தில் வெள்ளை எங்கே இருக்க வேண்டும்? கேமரன் மலைப் பழைய வண்டிகளின் ரிம்மும் டயரும்

கேமரன் மலையில் பழைய வண்டி என்றால் லேண்ட் ரோவர்தான். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கம்போங் ராஜா என்று எந்தக் கடைத்தெருவில் நின்றாலும் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிய ஒரு லேண்ட் ரோவர் கடந்துபோகும். கூரையைக் கழற்றி, பின்பெட்டியை நீட்டி, ஆங்கிலேய எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றி, முதலாளியின் நிலத்துக்கும் சுமைக்கும் ஏற்றபடி மாறிப்போன வண்டிகள் இவற்றில் ஏராளம். ‘கஸ்டம் கார்’ என்று உலகம் கொண்டாடும் கைத்திறனைக் கேமரனின் பட்டறைகள் பிழைப்பின் பொருட்டே பல தலைமுறையாகச் செய்துவந்திருக்கின்றன.

அதே வண்டிகளைத் தேடிவந்து வாங்கிப் புதுப்பித்து வைத்துக்கொள்ளும் ஆர்வலர்களும் இப்போது உண்டு. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வரும் சாலையில் மோரிஸ் மைனரும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஏறிவருவதைப் பார்க்கலாம். பழைய வண்டிக்காரர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சக்கரத்துக்கு வந்துவிடும். எந்த ரிம், எந்த அளவு, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை போட்ட ‘ஒயிட்வால்’ டயர் பொருந்துமா பொருந்தாதா என்று வாதம் நீளும். கண்ணுக்குப் பிடித்த சக்கரத்தை முதலில் வாங்கிவிட்டு, அது உள்ளே போக வேண்டும் என்பதற்காக மட்கார்டை வெட்டும் வழக்கமும் பரவுகிறது. ஆகவே இந்தக் கேள்வியை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மலை வண்டிக்கு வெள்ளை ரிம்மில் இருக்க வேண்டும், டயர் கறுப்பாகவும் குறுகலாகவும் புதிதாகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தார்ச்சாலைக் காருக்குக் கணக்கு வேறு.

மலையும் வண்டியும்

1885-இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த மேட்டுநிலம் இது. 1929-இல் ஜே. ஏ. ரஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. காட்டை அழித்ததிலும் சரிவில் பாதை வெட்டியதிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழர் உழைப்பு பெரிது. தோட்டப் பாதைகள் மலையின் வளைவை ஒட்டியே போகும். ஒருபக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கருங்கல் சிதைந்து உண்டான களிமண், மழையில் எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும்.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் படைகளோடு லேண்ட் ரோவரும் மலாயாவுக்குப் பழக்கமாகிவிட்டது. அலுமினியக் கலவையால் ஆன உடல் இந்தப் பனிமூட்டத்தில் துருப்பிடிக்காது. நான்கு சக்கரமும் இழுக்கும். தோட்டத்தில் கொழுந்து மூட்டையைச் சுமக்கும் வண்டியே அவசரத்துக்கு நோயாளியையும் சுமந்தது. தேயிலைத் தோட்டங்களை அடுத்துக் காய்கறித் தோட்டங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

சக்கரத்தைப் பற்றிப் பேசுவதற்கு வண்டியின் வரிசை தெரிந்திருக்க வேண்டும். 1948 முதல் 1958 வரை சீரிஸ் 1, 1958-இல் சீரிஸ் 2, 1961-இல் 2ஏ, 1971 முதல் 1985 வரை சீரிஸ் 3. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தை வைத்தே வண்டியை அழைப்பார்கள். முதலில் வந்தது 80 அங்குலம். பிற்காலத்தில் நிலைத்தவை குட்டையான 88, நீளமான 109. எண்பதுக்கும் எண்பத்தெட்டுக்கும் ஆலையில் போட்ட டயர் 6.00-16. போர்க்கால ஜீப்பின் அளவும் அதுவே. சுமை தூக்கும் 109-க்கு 7.50-16. இவை இரண்டும் நெட்டையான, ஒல்லியான டயர்கள்.

அளவு என்பது கியரும் பிரேக்கும் சேர்ந்தது

டயரை மாற்றினால் தோற்றம் மட்டும் மாறும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். 6.00-16 டயரின் விட்டம் சுமார் 28½ அங்குலம். 7.50-16, அல்லது அதற்கு ஈடாகப் பலரும் போடும் 235/85 ஆர்16, சுமார் 31¾ அங்குலம். எண்பத்தெட்டு அங்குல வண்டியில் இந்தப் பெரிய டயரைப் போட்டால் அச்சு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரும், பாதையின் நடுமேடு அடியில் இடிக்காது. அது லாபம். கூடவே எல்லாக் கியரும் ஏறத்தாழ 11 விழுக்காடு நீண்டுவிடும். வேகமானி 60 காட்டும்போது வண்டி 66, 67-இல் போய்க்கொண்டிருக்கும்.

சமவெளியில் இதை ஒரு வசதியாகவே சொல்லலாம், எஞ்சின் நிதானமாக ஓடும். மலையில் விஷயம் தலைகீழ். சீரிஸ் வண்டியின் 2.25 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 62 குதிரைத்திறன்தான். நீண்ட கியரோடு ஹாபுவிலிருந்து மேலே ஏறும்போது இரண்டாம் கியர் இழுக்காது, முதல் கியர் அலறும். அதைவிடக் கவலை தருவது இறக்கம். கீழே வரும்போது கியரைப் பிடித்து எஞ்சினால் வண்டியைத் தாங்குவதுதான் மலை ஓட்டுநரின் முதல் பாடம். டயர் பெரிதானால் அந்தத் தாங்கலும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. மிச்ச பாரம் முழுவதும் பிரேக் டிரம்முக்குப் போகிறது. பெரிய சக்கரத்தைத் தடுத்து நிறுத்த டிரம்முக்கும் கூடுதல் பலம் வேண்டும். தாப்பா பக்கம் இறங்கும் நீண்ட வளைவுகளில் டிரம் சூடேறி மிதி ‘இறங்கிப்போகும்’ நிலைக்கு இது நேர்வழி. ஜப்பானிய எஞ்சின் ஏறிய வண்டியில் இழுவைக் குறை தெரியாது. ஆனால் பிரேக் பழைய பிரேக்காகவே இருந்தால் ஆபத்து அங்கேதான் கூடுதல்.

எண்பத்தெட்டு அங்குல வண்டியைக் கேமரனில் ஓட்டுகிறவருக்கு 6.00-16 அளவே உரியது. ரேடியல் வேண்டுமென்றால் 205 ஆர்16. அதன் விட்டம் சுமார் 29 அங்குலம், கியர் கணக்கு பெரிதாகக் கெடாது. 7.50-16, 235/85 இரண்டும் 109-க்கு உரியவை, அதற்கே விட்டுவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதியை எத்தனை முறை சொன்னாலும் தகும். நான்கு டயரும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். சீரிஸ் வண்டியில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துகொள்ளும், நடுவில் வேக வேறுபாட்டை விழுங்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னே தேய்ந்த டயர், பின்னே புது டயர் என்று போட்டால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த முறுக்கு விடுபடும். தாரில் விடுபட வழியில்லை, கியர்ப்பெட்டியோ அரை அச்சோ விலை கொடுக்கும். கிராஸ்பிளை டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலப்பதும் அதே அளவு தவறு. வளைவில் இரண்டும் இருவேறு விதமாக வளைந்துகொடுக்கும்.

குறுகலா, அகலமா

இளைஞர்களின் விருப்பம் அகலம். மழைக்காட்டுப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளின் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. மலேசியாவில் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ 1997-இல் தொடங்கியது. தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் உருவான சில்வர்ஸ்டோன் எம்டி-117 போன்ற சேற்று டயர்கள் இந்த நாட்டு நான்கு சக்கர இழுவைக்காரர்களிடம் பெயர் வாங்கியவை. நம் மண்ணையும் மழையையும் அறிந்து செய்த டயர்கள், ஆழமான சேற்றில் அவற்றின் கட்டைகள் நன்றாகவே கடிக்கும்.

தேயிலைத் தோட்டப் பாதையோ ஆழச் சேறு கிடையாது. மேலே இரண்டு மூன்று அங்குலம் வழுக்கல், கீழே கெட்டித் தரை, அல்லது தோட்டம் கொட்டிய கல். அகல டயர் அந்த வழுக்கலின் மேல் மிதக்கும். குறுகல் டயர் எடையைச் சின்ன இடத்தில் குவித்து, வழுக்கலை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும். மணற்பாலைவனத்திலும் சதுப்பிலும் மிதப்பது நல்லது, கேமரன் சரிவில் தரையைத் தொடுவதே நல்லது. பழைய தோட்ட வண்டிகள் ஒல்லிச் சக்கரத்தோடு பல்லாண்டு ஏறி இறங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அகலத்துக்கு வேறு விலைகளும் உண்டு. சீரிஸ் வண்டியின் முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் அகல டயர் உள்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் உரசும். அதைத் தடுக்கத் திருப்பும் எல்லையைக் குறைக்க வேண்டும், அப்போது கொண்டைஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்பிய வண்டி பின்னே வந்து மறுபடி திரும்ப வேண்டியிருக்கும். உரசாமல் இருக்கச் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம்மைப் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி இது என்பதை மறக்கக்கூடாது. மட்கார்டைத் தாண்டி நீட்டும் டயரைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயும் புஸ்பாகோம் வண்டிச் சோதனையும் ஏற்பதில்லை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதும் சட்டம். மலையில் ஓடும் சேற்று டயரை அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும் என்பேன்.

ரிம்

லேண்ட் ரோவர்காரர்களுக்கு ஒரு பெரிய பாக்கியம், சீரிஸ் 1 முதல் 2016 ஜனவரியில் சொலிஹல் ஆலையில் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டர் வரைக்கும் சக்கரத்தின் ஐந்து துளைகளும் ஒரே வட்டத்தில்தான். அதன் விட்டம் 6½ அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். பழைய ரேஞ்ச் ரோவரும் முதல் டிஸ்கவரியும் அதே வட்டம். ஆகவே ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் ரிம்கள் ஒன்றுக்கொன்று ஏறும். ஏறுவதால் பொருந்திவிட்டது என்று பொருளாகாது. பழைய வண்டிகளின் ஸ்டட் மரை ஆங்கில அளவு, பிந்தையவை மில்லிமீட்டர் அளவு. நட்டை மாற்றி முறுக்கினால் முதலில் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரை சிதையும். மலைச்சாலையில் கழன்று ஓடிய சக்கரத்தின் கதை எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும். நட்டை ரிம்மோடு சேர்த்து வாங்குவதைவிட ஸ்டட்டைப் பார்த்து வாங்குவதே சரி. புதிதாக மாட்டிய சக்கரத்தை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

இரும்பா அலாயா என்ற கேள்விக்கு மலை தரும் விடை இரும்பு. பள்ளத்தில் அடிபட்டால் இரும்பு வளையும், பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். அலாய்க்கு நீளமான ஸ்டட்டும் தனி நட்டும் வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் 1990களின் பிற்பகுதியில் தன் டிஃபெண்டர்களுக்குச் செய்வித்த ‘வுல்ஃப்’ ரிம், ஆறரை அங்குல அகலம், தடித்த இரும்பு. கனச் சுமை ஏற்றும் 109-க்கு இதைவிட உறுதியான ரிம் கிடையாது. நடுத்தட்டின் தடிமன் கூடுதல் என்பதால் பழைய ஸ்டட்டின் நீளம் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அழகுக்காக நிற்கும் எண்பத்தெட்டுக்கு அது தேவையில்லை, பழைய ஐந்து அங்குல ரிம்மே போதும்.

இரும்பின் எதிரி துரு. கேமரனில் மழையோடு உரமும் சேர்கிறது. கோழி எருவும் யூரியாவும் ஏற்றிய வண்டியை அப்படியே நிறுத்தினால் ரிம்மின் உள்வளையம், டயர் அமரும் இடம், அரிக்கத் தொடங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே செதில் செதிலாக உதிரும். ஆகவே டயரைக் கழற்றாமல் பழைய ரிம்மை வாங்காதீர்கள். இந்தப் பழைய ரிம்களில், அழுத்தம் குறைந்தாலும் டயரின் ஓரத்தை நழுவாமல் பிடிக்கும் சின்ன மேடு இல்லை. டியூப் இல்லாத டயர் என்று விற்றாலும் இதில் டியூப் போட்டே ஓட்ட வேண்டும். ரேடியல் டயருக்கு ரேடியலுக்கென்றே செய்த டியூப் போட வேண்டும். உள்வளையத் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்காமல் டியூப் வைத்தால் அந்தச் செதிலே டியூபைத் தின்றுவிடும். அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்று டயரைக் குறைசொல்லுகிறவர்கள் ரிம்மின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் காரணம் கையில் படும்.

வெள்ளைப் பட்டையின் வரலாறு

இயற்கை ரப்பர் வெளிறிய நிறம். ஆரம்பகால டயர்கள் முழுக்கவே வெளிறித்தான் இருந்தன. 1898-இல் பிறந்த மிஷலின் பொம்மை மனிதன் வெள்ளையாக இருப்பதற்கும் அதுதான் காரணம். 1910களில் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைக் கலந்தபோது ரப்பரின் உறுதி பலமடங்கு ஏறியது, வெயிலையும் தாங்கியது. சாலையைத் தொடும் பகுதிக்கு மட்டும் கரி கலந்து, பக்கவாட்டை வெள்ளையாகவே விட்ட டயர் ஒயிட்வாலானது. பின்னாளில் முழுக் கறுப்பு டயர் மலிவாகிவிட, வெள்ளைப் பட்டை பணக்காரக் காரின் அடையாளமாயிற்று. 1930களிலும் 1950களிலும் அமெரிக்கக் கார்களில் அகல வெள்ளைப் பட்டை உச்சத்தில் இருந்தது, போர்க்கால ரப்பர் தட்டுப்பாடு நடுவில் அதை நிறுத்திவைத்தது. 1960களின் தொடக்கத்தில் பட்டை ஒரு அங்குலத்துக்குக் குறுகி, பிறகு வழக்கொழிந்தது. இன்று பழைய கார்களுக்கென்றே அதைச் செய்து விற்கும் நிறுவனங்களில் பெயர்பெற்றது 1958-இல் தொடங்கிய, அமெரிக்காவின் சட்டனூகாவைச் சேர்ந்த கோக்கர் டயர்.

இந்தப் பட்டையைப் பேசும்போது தமிழ் வாசகர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அமெரிக்கக் கார்கள் பெருகிய அதே பத்தாண்டுகளில் உலகத்தின் பெரிய ரப்பர் களஞ்சியம் மலாயா. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். அந்தப் பாலை விடியுமுன் எழுந்து வெட்டியவர்களில் பெரும்பங்கினர், கங்காணிகள் அழைத்துவந்த நம்மவர்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அழைத்துச்செல்வதைத் தடுத்தது, அதற்குள் தலைமுறைகள் இங்கேயே வேர்விட்டுவிட்டன. உலகெங்கும் அக்காலக் கண்காட்சிகளில் மின்னிய வெள்ளைப் பட்டைகளின் ரப்பரில் மலாயாத் தோட்டத்துப் பாலும் கலந்திருக்கிறது. பழைய டயரை ஆராதிப்பவர்கள் அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும்.

ஒயிட்வாலை இன்று செய்யும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை ரப்பர் அடுக்கைப் பக்கவாட்டில் புதைத்து, மேலே மெல்லிய கறுப்பைப் போர்த்தி, டயர் வெந்து முடிந்தபின் அந்தக் கறுப்பை உரசி எடுத்து வெள்ளையை வெளிக்கொணர்வார்கள். புதுப் பட்டைமேல் தெரியும் நீலப் பூச்சு பாதுகாப்புக்கு, சோப்பும் வெந்நீரும் போட்டால் போய்விடும். கறுப்பு ரப்பரில் ஓசோன் விரிசலைத் தடுக்கக் கலக்கும் வேதிப்பொருள்கள் மெல்ல மெல்ல வெளியே கசியும். அவை வெள்ளைக்குள் இறங்கினால் பட்டை பழுப்பாகும். நல்ல டயரில் இடையே தடுப்பு அடுக்கு இருக்கும், மலிவானதில் இருக்காது. கம்பித் தூரிகையும் கடும் பிளீச்சும் பட்டையைக் கெடுக்கும். மென்மையான தூரிகை, சோப்பு, பொறுமை, இவ்வளவே வேண்டும்.

டயருக்கும் ரிம்முக்கும் நடுவே செருகும் வெள்ளை வளையங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றை மலைச்சாலைக்குக் கொண்டுவரவே கூடாது. ரேடியல் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் நெளியும். வளையம் அதை உரசும், இடையே மணலும் நீரும் புகுந்து அரத்தின் வேலையைச் செய்யும். பக்கவாட்டில் பள்ளம் விழுந்த டயரை எந்தப் பட்டறையும் சரிசெய்ய முடியாது. வெள்ளைப் பெயிண்டோ விரிசல் விட்டு உரியும், அழகும் நிற்காது.

யாருக்கு ஒயிட்வால்?

மோரிஸ் மைனருக்கும் பீட்டிலுக்கும் தாராளமாகப் போடலாம். பீட்டிலின் அளவு 5.60-15, ரேடியலில் 155 அல்லது 165 ஆர்15. மைனரின் பிந்தைய அளவு 5.20-14, ரேடியலில் 145 ஆர்14. இந்த அளவுகளில் ரேடியல் ஒயிட்வால் கிடைக்கும்போது கிராஸ்பிளையைத் தேடிப்போவது, கண்காட்சியில் மட்டுமே நிற்கும் வண்டிக்குத் தகும். ஈரமான தாப்பா வளைவில் ரேடியலின் பிடிப்பு வேறு. பட்டையின் அகலம் காரின் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும், 1960களின் பிற்பகுதி பீட்டிலுக்கு மூன்று அங்குலப் பட்டை போட்டால் அது வேறொரு காலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டாற்போல் நிற்கும். சிறிய காரில் ஒல்லிப் பட்டையே கண்ணுக்கு இதம்.

லேண்ட் ரோவருக்கும் ஒயிட்வால் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 1930களின் நடுவிலிருந்து 1948 வரை ஃபோர்டு கார்கள் ஓடியதும் 6.00-16 அளவில்தான், எனவே அந்த அளவில் இன்றும் வெள்ளைப் பட்டை டயர்கள் செய்கிறார்கள். எண்பத்தெட்டில் அது நேராக ஏறும். கோலாலம்பூரில் கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் ஓடும் வண்டி என்றால் மறுக்க மாட்டேன். கேமரனில் ஓடும் வண்டிக்கு மறுப்பேன். அந்த டயரின் ஓடுபரப்பு தார்ச்சாலைக் காருக்கு வகுத்த நீள வரிகள், களிமண்ணில் வரிகள் அடைத்துக்கொண்டால் அது சக்கரமாக இருக்காது, சறுக்குப் பலகையாகிவிடும். சுமை தாங்கும் திறனும் காருக்கு உரியது. மண்சுவரை உரசி வளையும் பாதையில் வெள்ளைப் பட்டை ஒரு மாதம்கூட வெள்ளையாக இருக்காது.

அந்த வண்டிக்கு வெள்ளை வேண்டுமென்று மனம் கேட்பது நியாயம்தான். ஆலையே அதைக் கொடுத்திருக்கிறது. சீரிஸ் 2, 2ஏ, 3 வண்டிகளின் ரிம்மும் கூரையும் ‘லைம்ஸ்டோன்’ என்ற பால்வெள்ளையில் வந்தன. கரும்பச்சை உடல், பால்வெள்ளைக் கூரை, பால்வெள்ளை ரிம், அதைச் சுற்றி ஒல்லியான கறுப்பு டயர். தேயிலைச் சரிவின் நடுவே இந்த வண்ணச் சேர்க்கையை மிஞ்ச எந்தக் குரோமியமும் வராது. பட்டை சக்கரத்துக்குத் தரும் வெளிச்ச வட்டத்தை இங்கே ரிம் தருகிறது. கீறினால் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவான பெயிண்டில் திருத்திவிடலாம்.

வயதும் காற்றும்

புதுப்பித்த வண்டிகளில் நான் அஞ்சுவது தேய்ந்த டயரைவிடத் தேயாத பழைய டயரை. மாதம் ஒருமுறை ஓடும் வண்டியின் டயர் தேயாது, ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் ரப்பர் இறுகிக்கொண்டே போகும். பள்ளம் ஆழமாகத் தெரியும், பக்கவாட்டில் மயிரிழை விரிசல் ஓடும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர், அதில் ஏறி மலைச்சாலையில் ஒரு கிலோமீட்டரும் போகக்கூடாது. கிடங்கில் கிடந்த ‘பழைய புதுச் சரக்கு’ ஒயிட்வாலை வாங்குகிறவர்கள் இந்த இலக்கத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெள்ளை ரப்பரில் கரித்தூளின் காவல் இல்லாததால் அது இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு பழைய சந்தேகம் உண்டு. தாழ்நிலத்தில் அடித்த காற்று மேலே வந்ததும் கூடிவிடுமா? தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் 2 பிஎஸ்ஐ அளவு கூடும். அதே ஏற்றத்தில் வெப்பம் 12 டிகிரி குறைந்தால் டயருக்குள் ஏறத்தாழ அதே அளவு குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே தாப்பாவில் காற்றை இறக்கிவிட்டு ஏறத் தேவையில்லை. சுமை ஏற்றினால் பின்டயரில் கூட்ட வேண்டும் என்பதே கவனிக்க வேண்டியது. சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தவர்கள் தாருக்கு வந்ததும் மறக்காமல் அடித்துவிட வேண்டும், டியூப் டயரில் குறைந்த காற்றோடு வேகம் போனால் டயர் ரிம்மில் நழுவி வால்வை அறுத்துவிடும்.

தோட்ட வேலைக்கு ஓடும் 109-க்கு 7.50-16 கட்டை டயரும் கனமான இரும்பு ரிம்மும். வார இறுதியில் ஓடும் 88-க்கு ஆலை ரிம், 6.00-16 அல்லது 205 ஆர்16, ரிம்மில் பால்வெள்ளை. மோரிஸுக்கும் பீட்டிலுக்கும் தேதி பார்த்து வாங்கிய ரேடியல் ஒயிட்வால். அகல அலாய் ஆசைப்பட்டு வாங்கியவர்கள், கழற்றிய பழைய ரிம்களை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ஆலை அளவில் நேராக ஓடும் ஐந்து அங்குல ரிம்கள் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகின்றன. துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து, கூரைக்குக் கீழே வையுங்கள். அந்த வண்டியை அடுத்துப் புதுப்பிக்கப்போகிறவர் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.